பிரஷர் எல்லை தாண்டினால்: ரிலீஃப் வால்வு பற்றி ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று கரையோடு போனால் ஊருக்கு ஊர் பிரஷர் அடைத்த பாத்திரங்கள் உண்டு. ஐஸ் கம்பெனியில் அம்மோனியா ரிசீவர் (திரவ அம்மோனியாவைச் சேர்த்துவைக்கிற தொட்டி), நண்டுக் கம்பெனியில் ஸ்டீம் பாய்லர், உள்ளே திருவாடானைப் பக்கம் அரிசி ஆலை பாய்லர், வழுதூரில் எரிவாயு மின்நிலையம். இவை எல்லாவற்றின் தலையிலும் ஒரு சின்ன வால்வு உட்கார்ந்திருக்கும். முதலாளிகள், ஆபரேட்டர்கள், ஐடிஐ முடித்து வேலைக்கு வந்த பையன்கள் அதைப் பற்றிக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. இந்தத் தொழிலில் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அர்த்தம். அப்படியே எழுதியிருக்கிறேன்.

ரிலீஃப் வால்வு என்னதான் செய்கிறது?

பாத்திரம் தாங்கக்கூடிய எல்லையை பிரஷர் தொட்டதும் தானாகத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே விடும். பிரஷர் இறங்கியதும் தானாக மூடிக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். அழுத்திப் பிடிக்கிற ஒரு ஸ்பிரிங்கும் திறந்து மூடுகிற ஒரு டிஸ்க்கும்தான் அதற்குத் தேவை.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 மீட்டர் விட்டமுள்ள ரிசீவரின் ஒரு பக்க மூடியின் பரப்பு சுமார் 7,850 சதுர சென்டிமீட்டர். உள்ளே 14 கிலோ பிரஷர் இருந்தால் அந்த மூடியைத் தள்ளுகிற விசை ஏறக்குறைய 110 டன். பாத்திரம் கிழிந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் வெளிப்படும்.

கம்ப்ரசரில் ஹெச்பி (ஹை பிரஷர்) கட்-அவுட் இருக்கிறது. பாய்லரில் பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அப்புறம் வால்வு எதற்கு?

கட்-அவுட் மோட்டாரைத்தான் நிறுத்தும். வெயிலையும் தீயையும் அதனால் நிறுத்த முடியாது. அதோடு அதற்குக் கரண்ட், கான்டாக்ட், ஒயர், மெல்லிய சென்சிங் குழாய் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கடற்காற்றில் கான்டாக்ட் பச்சை பிடித்து ஒட்டிக்கொள்வது இந்தப் பக்கம் புதிதில்லை.

வீட்டு குக்கரைப் பாருங்கள். விசில் போடுகிற வெயிட் அன்றாடம் பிரஷரை அளவோடு வைக்கிறது. வெயிட் அடைத்துக்கொண்டால் மூடியில் இருக்கிற சேஃப்டி பிளக் உருகி வழிவிடும். தொழிற்சாலையிலும் அதே இரண்டு அடுக்குதான். கட்டுப்படுத்துவது ஒன்று, கடைசியில் காப்பாற்றுவது இன்னொன்று. அடிக்கடி ரிலீஃப் வால்வு திறந்துதான் பிளாண்ட் ஓடுகிறது என்றால், அங்கே முதல் அடுக்கு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

பிரஷர் எந்தெந்த வழியில் எல்லை தாண்டும்?

கண்டென்சருக்கு (அம்மோனியா ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்குகிற பகுதிக்கு) தண்ணீர் போகாமல் நின்றால், அல்லது கண்டென்சர் டியூபில் உப்பும் பாசியும் அடைந்துவிட்டால். டெலிவரி வால்வை மூடியபடி கம்ப்ரசரை ஓட்டினால். பாய்லரிலிருந்து ஸ்டீம் எடுப்பது சட்டென்று நின்று நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தால். பக்கத்தில் தீப்பிடித்தால். இவை நான்கும் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது ஐந்தாவது: திரவத்தை இரண்டு வால்வுகளுக்கு நடுவே அடைத்துவிடுவது. ரிசீவரிலிருந்து வரும் திரவ அம்மோனியா லைனில் இந்தப் பக்க வால்வையும் மூடி, அந்தப் பக்க வால்வையும் மூடினால், நடுவில் உள்ள திரவத்துக்கு விரிய இடம் இல்லை. வெயிலில் ஒரு டிகிரி ஏறினாலே பிரஷர் பல கிலோ எகிறும். குழாய் பிளக்கும், அல்லது கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும். பாத்திரத்தின் மேல் இருக்கிற வால்வு இதற்கு உதவவே உதவாது, ஏனென்றால் அந்தத் துண்டுக் குழாய்க்கும் பாத்திரத்துக்கும் தொடர்பே இல்லை. அப்படி அடைபடக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சின்ன ரிலீஃப் வேண்டும். இல்லையென்றால் எந்த வால்வை முதலில் மூட வேண்டும், எதை மூடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி ஓடவில்லை. ஓடாத பிளாண்ட்டில் பிரஷர் ஏறுமா?

ஏறும். ஓடுகிற நாட்களைவிட அதிகமாகவே ஏறலாம்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு போகாது, ஐஸ் தேவை விழுந்துவிடும், பல கம்பெனிகள் அம்மோனியாவை எல்லாம் ரிசீவருக்கு இழுத்து அடைத்துவிட்டுப் பூட்டிவிடுகின்றன. சித்திரையும் வைகாசியும் அப்போதுதான்.

அம்மோனியாவின் பிரஷரை அதன் வெப்பம்தான் முடிவு செய்கிறது. திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கிற பாத்திரத்தில் 30 டிகிரிக்கு கேஜ் சுமார் 11 கிலோ காட்டும். 35 டிகிரிக்கு 12.7. 40 டிகிரிக்கு 14.8. ஹை சைடு (கம்ப்ரசருக்குப் பிந்திய, பிரஷர் கூடிய பக்கம்) வால்வுகள் பெரும்பாலும் 250 பிஎஸ்ஐக்கு (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு), அதாவது 17.6 கிலோவுக்கு செட் செய்யப்பட்டிருக்கும். அந்த பிரஷர் வருவதற்கு அம்மோனியா 46 டிகிரியைத் தொட்டால் போதும். ஓடுகிற பிளாண்ட்டில் கண்டென்சர் தண்ணீர் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நின்ற பிளாண்ட்டில் அது இல்லை. கூரை இல்லாமல் வெயிலில் கிடக்கிற ரிசீவரின் தோல் மே மாத மதியத்தில் எவ்வளவு சுடும் என்பதைக் கை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, எவ்வளவு நிரப்பினீர்கள் என்பது. திரவ அம்மோனியா 0 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் கனஅளவு சுமார் 10 சதவீதம் கூடும். ரிசீவரை முட்ட முட்ட நிரப்பிவிட்டு வந்தால், விரிகிற திரவம் ஆவிக்கான இடத்தை விழுங்கிவிடும். அப்புறம் வால்வு வழியே ஆவிக்குப் பதிலாகத் திரவம் வரும். அதன் ஆபத்தே வேறு. ஐந்தில் ஒரு பங்கு காலி இடம் இருக்கட்டும். ரிசீவர் கொள்ளாது என்றால் மிச்சத்தை சிஸ்டத்திலேயே விட்டுவையுங்கள். ரிசீவருக்கு மேல் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நிழல் நல்லதுதான், ஆனால் கீற்று வேண்டாம், தீப்பிடிக்கும். தகரக் கூரை போடுங்கள், காற்றோட்டம் விட்டு.

உள்ளே எப்படி வேலை செய்கிறது? ஏன் ‘டப்’பென்று திறக்கிறது?

பாத்திரத்திலிருந்து வருகிற துளைதான் நாசில். அதன் வாயில் டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது, உட்காருகிற விளிம்புக்கு சீட் என்று பெயர். மேலிருந்து ஸ்பிரிங் அழுத்துகிறது. நாசில் விட்டம் 25 மில்லிமீட்டர், செட் பிரஷர் (வால்வு திறக்க வேண்டிய அளவு) 10 கிலோ என்றால் ஸ்பிரிங் ஏறத்தாழ 49 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். அதை பிரஷர் மிஞ்சும்போது டிஸ்க் மயிரிழை எழும்பும்.

அதுவரை நாசில் வாயின் பரப்பில் மட்டும் தள்ளிக்கொண்டிருந்த ஸ்டீம், எழும்பியதும் டிஸ்க்கின் அகன்ற விளிம்புக்குக் கீழேயும் பரவுகிறது. பரப்பு கூடுகிறது, விசை திடீரென்று கூடுகிறது, டிஸ்க் ஒரே தாவலில் மேலே போகிறது. அதுதான் அந்தச் சத்தம். மூடுவதற்கும் இதே காரணத்தால் பிரஷர் செட் அளவுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். 10 கிலோவில் திறந்த வால்வு 9.3 கிலோ வாக்கில் மூடினால் அது பழுது அல்ல, அதன் குணம். தண்ணீர், எண்ணெய் போன்ற திரவங்களுக்கான வால்வு இப்படித் தாவாது. பிரஷர் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அதனால் ஸ்டீம் வால்வைத் தண்ணீர் பம்புக்கும், தண்ணீர் வால்வை பாய்லருக்கும் மாற்றிப் போடக்கூடாது.

இந்த எண்ணம் பழையது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க 17-ம் நூற்றாண்டின் கடைசியில் செய்த மூடிய பாத்திரத்தில், நெம்புகோலில் எடை தொங்கவிட்ட வால்வு இருந்தது.

செட் பிரஷர் எவ்வளவு வைக்க வேண்டும்?

பாத்திரத்தின் பெயர்ப் பலகையில் அனுமதிக்கப்பட்ட உச்ச பிரஷர் பொறித்திருக்கும். செட் அதற்குச் சமமாகவோ கீழேயோ இருக்கலாம், மேலே ஒருபோதும் கூடாது. திறந்த பிறகு முழு அளவு வெளியேற்ற பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறும். அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதிப்படி ஒற்றை வால்வு உள்ள சாதாரண பாத்திரத்துக்கு அந்த ஏற்றம் உச்ச பிரஷரில் 10 சதவீதத்துக்குள், தீ விபத்துக் கணக்குக்கு 21 சதவீதத்துக்குள்.

நீங்கள் ஓட்டுகிற பிரஷர் செட்டில் 90 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் வால்வு நிம்மதியாக இருக்கும். நம் பக்கத்துச் சிறிய பாய்லர்களில் 10.54 கிலோ என்று விசித்திரமான எண் இருக்கும். 150 பிஎஸ்ஐயைக் கிலோவாக்கியதுதான் அது. அந்த பாய்லரை 9.5க்கு மேல் ஓட்டாதீர்கள். 10.2ல் ஓட்டினால் டிஸ்க் எப்போதும் லேசாகச் சீறிக்கொண்டே இருக்கும், சீட் அறுபடும், பிறகு நிரந்தரமாக லீக்.

பாதுகாப்புக்குப் பெரிய வால்வாகப் போட்டுவிட்டால் என்ன?

கூடாது. தேவைக்கு மிகப் பெரிய வால்வு திறந்ததும் பிரஷர் சடாரென இறங்கும், வால்வு மூடும், மறுபடி ஏறும், திறக்கும். நொடிக்குப் பல தடவை அடித்துக்கொள்ளும். சீட் சிதையும், ஸ்பிரிங் உடையும், ஃபிளாஞ்ச் போல்ட் கூடத் தளரும். பாத்திரத்துக்கும் வால்வுக்கும் நடுவில் நீளமான, ஒல்லியான குழாய் போட்டாலும் இதே அடிதான். அந்தக் குழாயில் இழக்கும் பிரஷர் செட்டில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சொன்னால்: வால்வைப் பாத்திரத்தின் மேலேயே, முடிந்தவரை ஒட்டி வையுங்கள். எல்போ வேண்டாம்.

கடையில் ‘ஒரு இஞ்ச் ரிலீஃப் வால்வு’ என்று கேட்டு வாங்கினால் போதாதா?

ஒரு இஞ்ச் என்பது மாட்டுகிற வாயின் அளவு. எவ்வளவு வெளியேற்றும் என்பதை உள்ளே இருக்கிற துளைதான் முடிவு செய்கிறது. அமெரிக்க பெட்ரோலியத் துறை அமைப்பான ஏபிஐயின் தரத்தில் டி (D) முதல் டி (T) வரை என்று உச்சரிப்பில் குழப்புகிற, ஆங்கில எழுத்து வரிசையில் 14 துளை அளவுகள் இருக்கின்றன. மிகச் சிறியது 0.110 சதுர இஞ்ச், அடுத்தது 0.196. இரண்டுமே ஒரு இஞ்ச் வாயில் கிடைக்கும். ஆனால் இரண்டாவது ஏறக்குறைய 1.8 மடங்கு வெளியேற்றும்.

அம்மோனியா பாத்திரத்துக்கு ஆஷ்ரே (அமெரிக்கக் குளிர்பதன எஞ்சினியர்கள் சங்கம்) தரத்தில் எளிய கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தையும் நீளத்தையும் மீட்டரில் பெருக்கி, 0.041 ஆல் பெருக்கினால், வால்வு வினாடிக்கு எத்தனை கிலோ காற்றை வெளியேற்றும் திறன் கொண்டிருக்க வேண்டும் என்று வரும். 1 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் என்றால் 0.123 கிலோ. மணிக்கு 440 கிலோ சொச்சம். வால்வின் தகட்டில் உள்ள திறனோடு இதை ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு சங்கதி. பாத்திரத்திலிருந்து 6 மீட்டருக்குள் எரியக்கூடிய பொருள் இருந்தால் அந்த எண்ணை 2.5 ஆல் பெருக்க வேண்டும். நம் ஐஸ் கம்பெனிகளில் ரிசீவர் பக்கத்து நிழலில்தான் தெர்மாகோல் பெட்டி அடுக்குவார்கள், பழைய நைலான் வலை, கயிறு, பிளாஸ்டிக் கூடை எல்லாம் குவிப்பார்கள். வாங்கும்போது சரியாக இருந்த வால்வு, பெட்டி அடுக்கிய அன்றே சிறிதாகிவிடுகிறது. பெரிய வால்வு வாங்குவதைவிடப் பெட்டியை நகர்த்துவது மலிவு.

வால்வைக் கழற்றிச் சர்வீஸ் செய்ய வசதியாக அடியில் ஒரு ஸ்டாப் வால்வு போடலாமா?

ஒற்றை வால்வுக்கு அடியில் போடாதீர்கள். என்றாவது ஒருநாள் மூடிவிட்டு மறந்துபோவார்கள். பாய்லரில் சேஃப்டி வால்வுக்கு அடியில் எதுவும் போட அனுமதியே இல்லை. அம்மோனியா ரிசீவருக்கு நல்ல வழி, மூன்று வாய் வால்வின் மேல் இரண்டு ரிலீஃப் வால்வுகள். எப்படித் திருப்பினாலும் ஒன்றாவது பாத்திரத்தோடு தொடர்பில் இருக்கும். ஒன்றைக் கழற்றிக்கொண்டு போகும்போது மற்றது காவல் இருக்கும். செலவு கூடுதல்தான். பிளாண்ட்டை முழுக்கக் காலி செய்யாமல் சர்வீஸ் பார்க்கலாம் என்பதால் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

திறந்தால் வெளிவருவது எங்கே போக வேண்டும்?

பாத்திரத்தைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் தொட்டி வெடிக்கவில்லை. உள்ளே பிரஷர் ஏறியது, ரிலீஃப் வால்வு திறந்தது. ஆனால் வெளிவந்த வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்கிரப்பர் அதைத் தடுக்கும் நிலையில் இல்லை, எரிக்க வேண்டிய ஃபிளேரின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வால்வு தன் வேலையைச் செய்தது, ஊர் செத்தது.

அம்மோனியா வால்வின் வெளிக்குழாயைக் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே விட்டிருப்பதை இன்றும் பார்க்கிறேன். ஆபரேட்டர் முகத்துக்கு நேராக! குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். தரங்கள் சொல்வது தரையிலிருந்து குறைந்தது 15 அடி உயரம், ஜன்னல், கதவிலிருந்து 20 அடி தள்ளி. வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள். ஈரக் காற்றில் குளிர்ந்த புகைமூட்டமாகத் தரையோடு தவழ்ந்து போகும், கரையில் ஈரம் இல்லாத நாள் எது? வாடைக் காற்றில் எந்தத் தெரு, கச்சானில் (மேற்குக் காற்றில்) எந்தத் தெரு என்று இரண்டையும் யோசித்துக் குழாயின் இடத்தை முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடம், ஏலக்கூடம் பக்கத்தில் இருந்தால் தண்ணீர்த் தொட்டிக்குள் விடுகிற முறை நல்லது. ஒரு கிலோ அம்மோனியாவுக்குச் சுமார் 8.3 லிட்டர் நல்ல தண்ணீர் என்று கணக்கு. அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று யார் பார்ப்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். மே மாதத்தில் இந்த மாவட்டத்தில் சும்மா கிடக்கிற தொட்டித் தண்ணீர் வேறு எதற்காவது போய்விடும்.

பாய்லருக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்டீம் குழாய் நடைபாதையைப் பார்த்து இருக்கக் கூடாது. குழாயின் எடை வால்வின் மேல் தொங்கவும் கூடாது, தனியாகத் தாங்கல் கொடுங்கள்.

உப்புக் காற்று வால்வை என்ன செய்யும்?

பழைய பாம்பன் ரயில் பாலத்தை 1914 முதல் பராமரித்தவர்கள் ஆயுள் முழுக்க எதனோடு போராடினார்களோ, அதே எதிரிதான். இந்தக் கரைக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் உப்பு வரும்.

வெளியே தெரிகிற துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெயிண்ட் அடித்துவிடலாம். தெரியாத இடத்தில்தான் சிக்கல். டிஸ்க்குக்கும் அதைத் தாங்கும் கைடுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. வெளிக்குழாய் வழியே உள்ளே போகிற உப்பு ஈரம் அங்கே துருவை வளர்க்கும், டிஸ்க் பிடித்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் வால்வு அருமையாக இருக்கும். லீக் இல்லை, சத்தம் இல்லை. 17 கிலோவில் திறக்க வேண்டியது 25லும் திறக்காது. என் கணக்கில் இந்தக் கரையில் மிக ஆபத்தான வால்வு, பல வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்காத வால்வுதான்.

கார்பன் ஸ்டீல் ஸ்பிரிங் துருப்பள்ளம் விழுந்து உடையும், உடைந்தால் முன்கூட்டியே திறந்துவிடும். 304 ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்தது என்பதும் உண்மையில்லை. உப்பும் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் இழுவிசையும் சேர்ந்தால் அது மயிரிழை விரிசல் விடும். 316 கொஞ்சம் மேல். அம்மோனியாவுக்குப் பித்தளை, செம்பு வால்வு கூடவே கூடாது, அரித்துத் தின்றுவிடும். காற்றுக் கம்ப்ரசர் வால்வைக் கழற்றி அங்கே மாட்டுகிற வேலை வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். குழாயின் அடியில் வடிதுளை இருக்க வேண்டும், அது அடைபடாமல் இருக்க வேண்டும். வாய்க்கு, காற்றடித்தாலே கழன்று விழுகிற லேசான பிளாஸ்டிக் மூடி போடுங்கள். குளவி மண்கூடு கட்டுவதற்கு இந்தக் குழாயைப் போல நல்ல இடம் வேறு கிடையாது. துணியைத் திணித்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

அண்ணே, வால்வு லேசா லீக் ஆகுது. ஸ்பிரிங்கை அரைச் சுத்து முறுக்கி விடலாமா?

வேண்டாம் தம்பி. அரைச் சுற்றில் செட் எவ்வளவு ஏறியது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஈயச் சீல் கம்பி போட்டிருப்பதே அதற்குத்தான். லீக் என்றால் சீட்டில் தூசியோ கீறலோ இருக்கிறது. முறுக்கினால் அது போகாது. முதலில் ஓட்டுகிற பிரஷர் செட்டுக்கு மிக அருகில் போகிறதா என்று பார். இல்லையென்றால் கழற்றி, சீட்டை லாப்பிங் செய்து (தேய்த்து மழமழப்பாக்கி), பெஞ்சில் வைத்து, புதுச் சீல் போட்டு வாங்கு. வெளிக்குழாயில் பிளக் அடித்து லீக்கை நிறுத்துவது இதைவிடப் பெரிய பாவம்.

லீவரை இழுத்துப் பார்க்கலாமா?

பாய்லரிலும் காற்றுக் கம்ப்ரசரிலும் இழுக்கலாம். பிரஷர் செட்டில் முக்கால் பங்காவது இருக்கும்போது மட்டும். பிரஷரே இல்லாமல் இழுத்தால் அழுக்கு சீட்டில் உட்கார்ந்துவிடும், ஸ்பிண்டிலும் வளையலாம். இழுப்பது டிஸ்க் ஒட்டவில்லை என்பதை மட்டும் காட்டும். எத்தனை கிலோவில் திறக்கும் என்பதைக் காட்டாது. அம்மோனியா வால்வுக்கு லீவர் கிடையாது, அது நல்லதற்குத்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை டெஸ்ட்?

பாய்லர் என்றால் வருடாந்திரச் சான்றிதழ் ஆய்வோடு சேர்த்து. 1923-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது, ஆய்வும் சான்றிதழும் அப்படியே தொடர்கின்றன. மற்ற பிரஷர் பாத்திரங்களுக்கு 2025 நவம்பர் வரை தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ம் பிரிவு பொருந்தியது, இப்போது அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அம்மோனியா வால்வை 5 வருடத்தில் மாற்றிவிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். உப்புக் கரையில் அதுவரை திறந்தே பார்க்காமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தடைக்காலம் தொடங்கியதும் கழற்றுங்கள். அதைவிட வசதியான நேரம் கிடையாது. ஆனால் மாற்று வால்வு கையில் இருந்தால்தான் கழற்ற வேண்டும்.

டெஸ்ட் கடையில் இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: சுத்தம் செய்வதற்கு முன்னால், வந்த நிலையிலேயே பெஞ்சில் ஏற்றி, முதல் தடவை எத்தனை கிலோவில் திறந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, மூன்றாவது தடவையில் சரியாகத் திறந்ததை எழுதிக்கொடுக்கிற சான்றிதழால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. கடந்த ஒரு வருடம் உங்கள் ரிசீவர் எப்படி இருந்தது என்பதை அந்த முதல் எண்தான் சொல்லும். அது செட்டைவிட வெகுவாக மேலே இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள், ஆறு மாதமாக்குங்கள். வால்வைக் கொண்டுபோகும்போது நிமிர்த்தி வையுங்கள். டெம்போவில் உருட்டிவிட்டால், செட் செய்து வாங்கியது வீடு வருவதற்குள் கலைந்துவிடும்.

வழுதூர் மாதிரி மின்நிலையத்தில் சூப்பர்ஹீட்டர் வால்வு முதலில் திறக்கிறது என்கிறார்கள், ஏன்?

ஸ்டீம் சேருகிற டிரம்மிலும், அந்த ஸ்டீமை மேலும் சூடாக்குகிற சூப்பர்ஹீட்டரின் வெளிவாயிலும் தனித்தனி வால்வுகள் இருக்கும். டிரம் வால்வு முதலில் திறந்தால் ஸ்டீம் அங்கேயே வெளியேறிவிடும். சூப்பர்ஹீட்டர் டியூபுக்குள் ஓட்டம் குறையும், சூடான வாயு நடுவே அந்த டியூப் வெந்து போகும். அதனால் சூப்பர்ஹீட்டர் வால்வுக்குக் கீழான செட் கொடுத்து முதலில் திறக்க வைக்கிறார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் பிளாண்ட்டுக்கும் வேண்டுமா?

பம்பைப் பொறுத்தது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே சுமார் 27 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோ) என்பதால், பிளாண்ட் 55 முதல் 70 பாரில் ஓடும். பிஸ்டன் வகை பம்ப் என்றால் வெளிவழி மூடியதும் ஏதாவது உடைகிறவரை தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு ரிலீஃப் கட்டாயம். சென்ட்ரிஃபியூகல் பம்ப் தன் உச்சத்தோடு நின்றுவிடும். அந்த உச்சத்தை மெம்பரேன் கூடு தாங்குமா என்று பார்த்தால் போதும். கடல்நீரில் 316ம் பள்ளம் விழும், டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ரகம் கேளுங்கள்.

வால்வு சரியாக இருந்தும் காப்பாற்ற முடியாத சந்தர்ப்பம் உண்டா?

உண்டு. பாத்திரமே மெலிந்துபோயிருந்தால் வால்வு என்ன செய்யும்? 17.6 கிலோவுக்குச் செய்த தகடு, இன்சுலேஷனுக்கு அடியில் உப்பு நீர் தேங்கி பாதியாகத் தேய்ந்திருந்தால், வால்வு திறப்பதற்கு முன்னாலேயே கிழியும். இன்சுலேஷனைச் சில இடங்களில் வெட்டிப் பார்த்து, அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் கனம் அளந்துவிடுங்கள். தீயிலும் அப்படித்தான். திரவம் படாத மேல்பகுதித் தகட்டில் நேராகத் தீ பட்டால் இரும்பு இளகிவிடும், 600 டிகிரி வாக்கில் பாதி வலிமை போய்விடும். வால்வு திறந்தபடி இருக்கும்போதே பாத்திரம் பிளக்கும். அதற்குத் தண்ணீர் தெளிப்பான்தான் வழி. பிரஷர் குறைந்து உள்ளே வெற்றிடமாகும் ஆபத்துக்கு ரிலீஃப் வால்வு அல்ல, வெளிக்காற்றை உள்ளே விடுகிற வேக்கம் பிரேக்கர் வேண்டும்.

பழைய ஐஸ் கம்பெனியை உடைக்கும்போது வால்வு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாடியை வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வாங்கமாட்டேன். பெயர்த் தகடு இல்லாத வால்வின் செட்டும் துளையும் யாருக்கும் தெரியாது. மற்ற சாமான்களை அங்கே வாங்குங்கள்.

வால்வு ஒருமுறை திறந்துவிட்டது. இப்போது மூடியும்விட்டது. அப்படியே ஓட்டலாமா?

முதலில் ஏன் திறந்தது என்று கண்டுபிடியுங்கள். கண்டென்சர் தண்ணீர், கட்-அவுட், திரவ அளவு, இந்த மூன்றையும் பாருங்கள். அப்புறம், மூடிவிட்டதா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1979ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணு உலையில் திறந்த ரிலீஃப் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கு ‘மூடு’ என்ற உத்தரவு போனதை மட்டும்தான் காட்டியது. மூடிவிட்டதாக நம்பி மணிக்கணக்கில் கோட்டைவிட்டார்கள். உங்கள் வால்வின் வெளிக்குழாயில் சில்லிப்பு இருக்கிறதா, பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிவாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டுங்கள், நீலமானால் கசிவு இருக்கிறது. முகமூடி, கையுறை இல்லாமல் யாரும் மேலே ஏறக்கூடாது.

அம்மோனியா வால்வு ஒருமுறை திறந்தால் மாற்றிவிடுங்கள். வெல்டிங் துகளும் துருவும் சீட்டில் சிக்கியிருக்கும், மறுபடி பழைய செட்டில் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரட்டை வால்வு இருந்தால் மூன்று வாய் வால்வை மறுபக்கம் திருப்பிவிட்டு, திறந்ததைக் கழற்றி, தேதியும் அப்போதைய கேஜ் அளவும் எழுதி, டேக் கட்டி டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள்.